பிரிந்த பிறகும் விழுகிற 2,000 ரூபாய்

கணவன் மனைவி பிரிந்தால் நகை, சீர், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுவார்கள். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் பணத்தை யாரும் பேசுவதில்லை. அது பாட்டுக்கு நாலு மாதத்துக்கு ஒரு தவணை விழுந்துகொண்டிருக்கும். ஒருநாள் நின்றுபோகும், இல்லாவிட்டால் வாங்கினதைத் திருப்பிக் கட்டச் சொல்லித் தகவல் வரும்.

இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள். மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வருஷம் 6,000.

ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்துக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கணவர் பேரில் 3 ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடு. பெரியவர்கள் பேசி, 1 ஏக்கரை மனைவி பேருக்கு செட்டில்மெண்ட் எழுத வைக்கிறார்கள். பட்டா மாறியதும் அந்தம்மாவும் திட்டத்தில் தனியாகப் பதிந்துவிடுகிறார். கோர்ட்டில் தீர்ப்பு ஆகாதவரை காகிதத்தில் இருவரும் தம்பதிதான். "தனித்தனியா இருக்கோம்" என்பது வாய்ப்பேச்சாகவே நிற்கும். தீர்ப்பு வந்தாலும் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. 1.2.2019-க்குப் பிறகு நிலம் பேர் மாறியிருந்தால் புதிய உரிமையாளருக்குத் தகுதி இல்லை. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும்தான் விலக்கு. உயிரோடு இருப்பவர் எழுதிக்கொடுத்தது அதில் சேராது. ஆகவே பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது பதிவுத் தேதி. கணவர் காடு முழுவதையும் எழுதிக்கொடுத்துவிட்டால், அதற்குப்பின் அவருக்கு வந்த தவணைகளும் திருப்பிக் கட்ட வேண்டிய கணக்கில்தான் சேரும்.

திட்டத்தின் இணையதளத்தில் நிலையைப் பார்க்கப் போனால் ஓடிபி கணவர் போனுக்குப் போகும், ஏனென்றால் பதியும்போது கொடுத்தது அந்த நம்பர். அதே தளத்திலேயே செல்போன் எண்ணை மாற்றலாம். அடுத்தது வங்கி. ஆதார் வழியாக வரும் பணம், ஆதாரோடு மானியத்துக்காக இணைத்த கணக்கில் போய் விழும்; நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கில் விழும் என்ற உறுதி இல்லை. அது இருவர் பேரிலும் உள்ள கூட்டுக் கணக்காக இருந்தால், ஏடிஎம் கார்டு யார் கையிலோ பணமும் அவர் கையில். ஆனால் திருப்பிக் கேட்கும்போது, பதிவு யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள். சொந்தக் கணக்கு தொடங்கி, ஆதாரை அதற்கு மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக்கொடுங்கள்.

பாஸ்புக்கை வரிவரியாகப் பார்த்து, எந்தத் தேதியில் எந்தத் தவணை விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தகுதியில்லாமல் வந்தது 5 தவணை என்றால், திருப்பிக் கட்ட வேண்டியது 10,000. தளத்திலேயே பணத்தைத் திருப்பிக் கட்டும் பகுதி இருக்கிறது. 'சரண்டர்' வேறு, இது வேறு: சரண்டர் இனி வருவதை நிறுத்தும், வாங்கினதை அடைக்காது. ரசீது நகலோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, உங்கள் படியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனு போடுகிறவர்கள், இந்தத் தொகையை யார் கட்டுவது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் வக்கீல் சேர்த்துவிடுவார்.

தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகையில் சிக்கல் வேறு மாதிரி. அது ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான். பிரிந்து வந்த பெண் அம்மா வீட்டுக் கார்டில் பேரைச் சேர்த்தால், அங்கே அம்மா ஏற்கெனவே 1,000 வாங்கிக்கொண்டிருப்பார். ஒரே கார்டில் இருவர் என்று ஒன்று நிற்கும். சேர்ப்பதற்கு முன்பே இதை யோசிக்க வேண்டும். தனிக் கார்டு கேட்பதுதான் நல்லது என்பேன். பழைய கார்டிலிருந்து பேரை நீக்கக் கணவர் ஒத்துழைக்காவிட்டால், வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுத்து நேரில் விசாரிக்கச் சொல்லுங்கள். நின்றுபோன தொகைக்கு மேல்முறையீடு வருவாய்க் கோட்டாட்சியருக்கு, இ-சேவை மையம் வழியாக. ஏற்காட்டுக்காரர்களுக்கு அது சேலம் கோட்டம். மலை இறங்குவதற்குள் பழைய கார்டு, புதுக் கார்டு, பாஸ்புக் மூன்றின் நகலும் பையில் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.