14 கிழமைப் பாடத்தை 6 கிழமையில் படித்த கதை

கொரோனாவால் தாதியர் பயிற்சியில் இருந்த எங்கள் பச் பிந்திப்போயிருந்தது. பிந்தினதைப் பிடிப்பதற்காக, 14 கிழமை நடக்க வேண்டிய மருந்தியலை 6 கிழமைக்குள் முடிப்பதாக ஒருநாள் அறிவித்தல் பலகையில் தாள் ஒட்டினார்கள். பாடத்திட்டத்தில் ஒரு வரியும் குறையவில்லை, நாட்கள்தான் குறைந்தன. நடந்தது மட்டக்களப்பில், 2022இல். பெற்றோல் இல்லை, கரண்ட் எப்போது போகும் என்றும் தெரியாது. காலை 7 மணியிலிருந்து 1 மணி வரை வார்ட், 2 மணிக்கு விரிவுரை. ஏ.எல். வரை தமிழில் படித்த எங்களுக்கு அது முழுக்க ஆங்கிலத்தில்.

முதல் கிழமை நான் எல்லாவற்றையும் படிக்கப் பார்த்தேன். ஸ்லைட் முழுவதையும் நிறப் பேனையால் கொப்பியில் அழகாக எழுதினேன். எழுதினால் படித்த மாதிரி இருக்கும், அதுதான் ஏமாற்று. இரண்டாம் கிழமைச் சின்னப் பரீட்சையில் 38 புள்ளி.

அதில் ஒரு கணக்கு. 1000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை துளி? 8 மணித்தியாலத்தை 480 நிமிடமாக மாற்ற மறந்து, 2500 துளி என்று விடை எழுதியிருந்தேன். பாடம் எடுத்த சிஸ்டர் பக்கத்தில் சிவப்புப் பேனையால் "இது சேலைனா, பைப்படியா?" என்று கேட்டிருந்தார். சரியான விடை கிட்டத்தட்ட 42. அன்றிலிருந்து வார்ட்டில் சேலைன் ஏறும் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு நிமிடம் நின்று துளி எண்ணினேன். நிமிடத்துக்கு 42 என்றால் எந்த வேகம் என்று இப்போது கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி, ஆரையம்பதி, வாழைச்சேனை, நான் வெல்லாவெளி. மருந்துகளைத் தனித்தனியாகப் பாடமாக்குவதை விட்டோம். பெயர் 'லோல்' என்று முடிந்தால் ஒரு குடும்பம்: அற்றனோலோல், ப்ரோப்ரனோலோல். நாடித்துடிப்பு குறையும், ஆஸ்துமாக்காரருக்குக் கவனம். 'ப்ரில்' என்று முடிந்தால் இன்னொரு குடும்பம்: எனலாப்ரில், கெப்டோப்ரில். வரட்டு இருமல் வரலாம். குடும்பத்தைத் தெரிந்தால் பிள்ளைகளைத் தெரியும்தானே. ஒவ்வொருத்தியும் ஒரு குடும்பத்தைத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டும், கொப்பியைப் பார்க்கக்கூடாது. தடுமாறுகிற இடம்தான் அடுத்த நாள் படிக்க வேண்டிய இடம். வாட்ஸ்அப்பில் குவிந்த பிடிஎப்களை நான் திறக்கவே இல்லை. போனில் சார்ஜ் நின்றால்தானே திறப்பதற்கு.

சில பகுதிகளை வேண்டுமென்றே விட்டோம். அரிதாகப் பாவிக்கும் மருந்துகள், கம்பனிப் பெயர்கள் எல்லாம் போயின. அதனால் கடைசிப் பரீட்சையில் ஒரு கேள்வி முழுதாகப் போனது. போகட்டும்.

எனக்குப் பாடம் உண்மையில் ஏறியது வீட்டில்தான். நாலாம் கிழமை, ஞாயிற்றுக்கிழமை எப்படியோ ஒரு பஸ் பிடித்துப் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மம்மா இதய நோய்க்காரி. கிளினிக் கொப்பியை விரித்துப் பார்த்தால் இதயத்துக்கு டிகொக்சின், உடம்பில் சேரும் நீர் இறங்கப் பியூரோசமைட். விரிவுரையில் இரண்டும் வேறு வேறு நாளில் வந்த மருந்துகள். இங்கே ஒரே பைக்குள் இருந்தன. பியூரோசமைட் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும், பொட்டாசியம் குறைந்தால் டிகொக்சின் நஞ்சாகும் ஆபத்து கூடும். கிளினிக்கில் ஏன் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள் என்று அம்மம்மா புறுபுறுத்ததற்கு விடை அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

டிகொக்சின் கொடுக்க முதல் ஒரு முழு நிமிடம் துடிப்பு எண்ண வேண்டும், 60க்குக் கீழே என்றால் கொடுக்காமல் டொக்டருக்கு அறிவிக்க வேண்டும். வார்ட்டில் ஸ்டெதை நெஞ்சில் வைத்து எண்ணுவோம், வீட்டில் கையைத்தான் பிடித்தேன்.

"என்ன மனே, கைரேகை சாத்திரமா பாக்கிறாய்?"

"கதைக்காதீங்க அம்மம்மா, எண்ணிக்கை பிசகிடும்."

பிசகித்தான் போனது. திரும்ப முதலிலிருந்து எண்ணினேன், 68.

கடைசி இரண்டு கிழமையும் இரவு 11 மணிக்குப் பிறகு படிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஹொஸ்டலில் மற்றவர்கள் மெழுகுதிரியோடு இரண்டு மணி வரை இருக்கும்போது படுப்பதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நித்திரை இல்லாமல் வார்ட்டுக்குப் போய் மருந்து அட்டையை இரண்டு தரம் வாசித்தும் விளங்காமல் நின்ற ஒரு காலை எனக்குப் போதும்.

பரீட்சையில் 64 எடுத்தேன். டிகொக்சின் வந்தது, அம்மம்மாவின் கை ஞாபகம் வந்தது, பக்கம் நிறைய எழுதினேன். முடிவு வந்த அதே திங்கட்கிழமை உளநலத் தாதியம் தொடங்கியது. அதற்கு 5 கிழமையாம்.