2 கோடி பவுண்டு: அடிமை ஒழிப்புச் சட்டத்தை வாசித்தபடி

ஆகஸ்ட் 3, 2024

பிரிட்டன் நாடாளுமன்றம் 1833இல் நிறைவேற்றிய அடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துவருகிறேன். அதில் கணிசமான பகுதி, விடுதலை பெறுவோரைப் பற்றியதாக இல்லாமல், அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்குத் தரவேண்டிய பணத்தைப் பற்றியதாக இருக்கிறது. காலனி அமைச்சர் எட்வர்ட் ஸ்டான்லி முதலில் முன்வைத்தது 1.5 கோடி பவுண்டு கடன்தான். மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் நெருக்குதலால் அது 2 கோடி பவுண்டு இழப்பீடாக மாறியது. திருப்பித் தரவேண்டிய கட்டாயமும் போயிற்று. அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடான இத்தொகையில், விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு காசும் கிடையாது.

ஆகஸ்ட் 4

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1834 ஆகஸ்ட் 1 அன்று உண்மையில் விடுதலையானவர்கள் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளே. மற்றவர்கள் ‘பயிலாளர்’ என்ற புதுப்பெயரில் அதே முதலாளியிடம் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியின்றி உழைக்க வேண்டும் என்றது சட்டம். வாழ்நாள் முழுவதும் கரும்பு வெட்டியவருக்கு இன்னும் என்ன பயிற்சி தேவைப்பட்டதோ! ஆக, முதலாளிக்குக் கருவூலம் கொடுத்தது போதாதென்று, அடிமையும் தன் உழைப்பால் தன் விலையில் ஒரு பங்கைக் கட்டினார் என்றே இதைக் கொள்கிறேன். எதிர்ப்பு வலுத்ததால் இந்த ஏற்பாடு 1838இல் முடிவுக்கு வந்தது. ஆன்டிகுவாவும் பெர்முடாவும் தொடக்கத்திலேயே இதை ஏற்காமல் முழு விடுதலை அளித்துவிட்டன.

ஆகஸ்ட் 7

இச்சட்டத்தை லண்டன் கனவான்களின் கருணையாக மட்டும் காண்பது தவறு. 1831 கிறிஸ்துமஸ் நாட்களில் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் பல்லாயிரம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர்; மறு ஆண்டு மே மாதம் அவர் தூக்கிலிடப்பட்டார். அடிமைமுறையைத் தொடர்ந்தால் தீவுகளே கைவிட்டுப் போகலாம் என்ற அச்சத்தை அந்தக் கிளர்ச்சி உண்டாக்கியது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டமும், தோட்ட முதலாளிகள் நாடாளுமன்றத்தில் நுழையப் பயன்பட்ட, வாக்காளர் மிகச் சிலரே இருந்த பெயரளவுத் தொகுதிகள் பலவற்றை ஒழித்திருந்தது.

இழப்பீட்டில் பெரும்பங்கு பெற்றவர்களுள் ஒருவர், பிற்காலப் பிரதமர் வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன். அவருக்குக் கிடைத்தது ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல். பயிலாளர் முறை முடியவிருந்த வேளையில், 1838இல், அவருடைய ஏற்பாட்டில் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

ஆகஸ்ட் 11

இன்று 64ஆம் பிரிவுக்கு வந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள், இலங்கை, செயின்ட் ஹெலினா ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. கம்பெனியின் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமையாக உரிமை கோருவதை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றதே தவிர, அடிமையை வைத்திருப்பவருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. ஒருவரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாக 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.