பதினோராம் அதிகாரம்

"அழாதீங்க அம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்." தாதியாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எத்தனை கட்டிலருகே இதைச் சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். விசுவாசம் என்றால் கண்ணீரைத் துடைத்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் மட்டக்களப்பில் மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள். 1814இல் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மிஷனரி வில்லியம் ஓல்ட் பற்றி ஞாயிறு பாடசாலையில் கேட்டுக் கேட்டுப் பழகியவள். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். அடுத்த வருடமே தானும் இங்கே இறந்துபோனார். அதை ஊழியத்தின் வெற்றியாகத்தான் எங்களுக்குச் சொன்னார்கள். அந்த மனுஷன் தனியாக வந்து இறங்கிய அன்று எப்படி அழுதிருப்பார் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அன்று கண்ணால் கண்டதை இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு ஒரு தாயிடமும் "அழாதீங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி, வேறு என்ன சொல்வது? அதுவும் தெரியவில்லை. ஈஸ்டர் ஆராதனையில் போதகர் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றால் சபையார் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்பார்கள். நான் உதட்டை மட்டும் அசைப்பேன்.

அப்படி இருந்த நாட்களில்தான் நாவலடிப் பக்கத்து மீனவர் ஒருவர் எங்கள் வாட்டுக்கு வந்தார். ஈரலில் புற்றுநோய், முற்றிய நிலை. வலிக்கு மோர்பின் கொடுத்தோம், அதைவிட்டால் பெரிதாகச் செய்ய ஒன்றும் இல்லை. நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்திட்டு. 2004 டிசம்பர் 26 அன்று அலை இவருடைய மனைவியைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவேயில்லை.

"எல்லாரும் சேமக்காலையில மெழுகுதிரி கொளுத்துவாங்க மகள். இவளுக்குக் குழி இல்லையே. நான் கடற்கரை மணலிலதான் குத்தி வைப்பன். காத்துக்கு நிக்காது. திரும்பக் கொளுத்துவன்."

இரவு வேலையில் அவருக்கு வேதம் வாசிப்பேன். ஒவ்வொரு நாளும் யோவான் பதினோராம் அதிகாரம்தான் வேண்டும். லாசரு செத்து நாலு நாளான பிறகு இயேசு வந்து சேர்கிற கதை. ஒரு நாள் "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்ச நேரத்தில அவன எழுப்பப் போறார் என்டு அவருக்குத் தெரியும்தானே மகள்?"

"ஓம் ஐயா."

"தெரிஞ்சும் அழுதவர்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான வசனம் அது. வேதத்தில் மிகச் சிறிய வசனங்களில் ஒன்று என்று போட்டிக்குப் படித்திருக்கிறேன். ஆனால் அழுவதும் நம்புவதும் ஒரே மனதில் ஒன்றாக இருக்கலாம் என்று அதற்குள் எழுதியிருந்ததை அன்றுவரை நான் வாசித்ததேயில்லை. அழுதுகொண்டிருந்த லாசருவின் சகோதரி மரியாளைப் பார்த்து "அழாதே" என்று சொல்லிவிட்டு இயேசு அடுத்த வேலைக்குப் போகவில்லை. கல்லறைக்குக் கூடவே நடந்து போனார். நான் விட்டுவிட்டு ஓடிய கட்டில்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அப்புறம் ஐந்து நாள் இருந்தார். கடைசியில் சாப்பாடும் தண்ணீரும் கேட்கவில்லை. வாய் மட்டும் காய்ந்துபோகும். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் தடவினால் நாக்கு நுனி மெல்ல வெளியே வரும். கால் குளிர்ந்து முழங்கால் நீலம் பாரித்தது. மூச்சு நின்று நின்று வந்தது. அந்த இடைவெளிகளில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்கும் சக்தி கடைசிவரை இருக்கக்கூடும் என்பதால் மகனை அவர் காதருகே இருத்தினேன். மகன் ஒன்றும் பேச முடியாமல் விம்மினார். நான் தடுக்கவில்லை. தோளில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

விடியப் புறம் மூன்றரை மணிக்கு அடுத்த மூச்சு வரவில்லை.

மகன் வெளியே போன பிறகு உடம்பைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை தோல் காய்ந்து மரம்போல் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் துடைத்தேன். எனக்கும் கண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் ஐயா" என்று அவர் காதருகே சொன்னேன். பதிலையும் நானே சொன்னேன், சத்தமாகவே. திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மா, "என்ன மிஸ்?" என்று கேட்டா.