சோங் பாங் கொட்டகையில அப்பா அடிச்ச ரேஸ் கார்

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் மலருக்கு வாத்தியாருங்களப் பத்தி எழுதித் தாங்கன்னுதான் கேட்டாங்க, ஆனா நம்ம செட்ல பாதிப் பேருக்கு ஸ்கூல் விட்டதும் அடுத்த வகுப்பு சிங்கப்பூர் சோங் பாங்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி இருந்த தகரக் கொட்டகைலதானே நடந்துச்சு, அதனால நான் எங்கப்பாவப் பத்தி எழுதறேன், எடிட்டர் கோவிச்சுக்க வேணாம்.

அப்பாவுக்குப் பகல்ல வெள்ளைக்காரனோட நேவல் பேஸ் (கடற்படைத் தளம்) கப்பல் பட்டறையில தகடு வேலை. சாயந்திரம் ரேஸ் கார். புதுக் காரெல்லாம் இல்ல, வெள்ளைக்கார ஆபீசருங்க ஊர்லேருந்து கப்பல்ல கொண்டாந்து இங்க எங்கயாவது மோதி நசுக்கி வச்சிருந்த பழைய வண்டிங்க. சில வண்டி சேசிஸும் எஞ்சினுமா மட்டும்தான் வரும், பாடி மொத்தமும் அப்பாதான் அடிச்சு எடுக்கணும். 1968 ஆரம்பத்துல வெள்ளைக்காரன் பேஸ விட்டுட்டுக் கெளம்பறான்னு அறிவிச்சப்போ சோங் பாங்ல எந்த வீட்லயும் சோறு இறங்கல, எங்க வீட்லயும்தான். ஆனா போறவங்க காரையெல்லாம் வந்த வெலைக்குத் தள்ளிட்டுப் போக, ரெண்டு சீனத் தவ்கே (முதலாளிங்க) அத வாங்கி அப்பாகிட்ட கொண்டாந்து விட, கொட்டகையில நிக்க எடமில்லாமப் போச்சு.

அப்பா பாடி அடிக்கறது அலுமினியத் தகட்டுல, அதப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், பொறுத்துக்கங்க. இரும்பு சூடானா செவக்கும், எப்ப நிறுத்தறதுன்னு கண்ணுக்கே தெரிஞ்சுரும். அலுமினியம் செவக்காது. 660 டிகிரி வரைக்கும் ஒண்ணுமே தெரியாதவன் மாதிரி இருந்துட்டு அப்பறம் பொத்துன்னு உருகிக் கீழ விழும், நாலு நாள் வேலை போச்சு. அதுக்குத்தான் அப்பா தகடு பூரா துணி தொவைக்கிற பார் சோப்பத் தேய்ப்பாரு, கேஸ் நெருப்ப மேலாக்க ஓட்டுவாரு, சோப்பு கருகிக் கருப்பானதும் நெருப்ப எடுத்துருவாரு, அதுக்கப்பறம் தகடு சொன்னபடி கேக்கும். தோல் பையில மணலக் கட்டி அதுமேல தகட்ட வச்சு மரச் சுத்தியால அடிப்பாரு, அடிக்க அடிக்க தகடு மறுபடி இறுகிப்போகும், மறுபடி சோப்பு, மறுபடி நெருப்பு. பிளைவுட்ல வெட்டி நிறுத்தின அச்சு மேல வச்சு வச்சுப் பாப்பாரு. வெல்டிங் முடிஞ்சா, அதுக்குப் பூசற ஃபிளக்ஸ்ங்கற மருந்த சுடுதண்ணி ஊத்தித் தேய்ச்சுக் கழுவியாகணும், இல்லாட்டி அதுவே தகட்ட அரிச்சுத் தின்னுடும். அந்தக் கழுவற வேலை என்னோடது, சம்பளம் கெடையாது.

உங்களுக்குச் சம்பளம் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? தகட்டுல மேடு பள்ளம் கண்ணால பாத்தாத் தெரியாது, தடவித்தான் கண்டுபிடிக்கணும். அப்பா கை காய்ச்சுப்போய் மரமா இருக்கும், வெள்ளத் துணியப் போட்டு அதுமேல தடவுவாரு, அதுவும் பத்தலன்னா "டேய், படிக்கிற பசங்க கை மெதுவா இருக்கும், வாங்கடா"ன்னு நம்மளக் கூப்புடுவாரு. கண்ண மூடிக்கிட்டு மூக்குலேருந்து வால் வரைக்கும் தடவணும், எங்க தட்டுதோ அங்க நிறுத்தணும், அவரு சாக்பீஸால வட்டம் போடுவாரு. ஒரு வட்டம் சரியா வந்தா ஒரு ஐஸ் பால், அதான் அந்த ஐஸ் உருண்டை. இப்ப மெல்பர்ன்ல பெரிய சர்ஜனா இருக்கறவரு (பேரு வேணாம், அவரே படிச்சுட்டு சிரிக்கட்டும்) அந்தக் கொட்டகையிலயே நல்ல விரல்னு அப்பாகிட்ட பேரு வாங்கினவரு. ஐஸ் உருண்டைக்காக இல்லாத பள்ளத்தக் காட்டினவங்களும் நம்ம செட்லதான் இருந்தாங்க, அவங்க பேரும் வேணாம்.

ஸ்கூல்ல மெட்டல்வொர்க் வந்தப்ப நான் ஒரு டஸ்ட்பேன் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். அப்பா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு மடிப்பையெல்லாம் பிரிச்சு நேராக்கி, "இப்ப மடி"ன்னு கையில குடுத்துட்டாரு. வாத்தியாரு அதுக்கு முன்னாடியே மார்க் போட்டுட்டாருன்னு சொன்னா யாரு கேட்டா!

அப்பர் தாம்சன் ரோடு ரேசு வர்ற ஈஸ்டரும் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் பங்குனி உத்திரமும் முன்ன பின்ன ஒரே சமயத்துலதான் வரும், அப்ப அப்பா தூங்கவே மாட்டாரு, ஒரு பக்கம் கார் மூக்கு, இன்னொரு பக்கம் மிஞ்சின தகட்டுல யாருக்காவது காவடி வளைவு. சர்க்கியூட்டு ஒரு சுத்து ஏறத்தாழ 3 மைல், சாதாரண ரோடுதான், ஓரத்துல லாம்ப் போஸ்ட்டு, பஸ் ஸ்டாப்பு, மழைத்தண்ணி ஓடற பெரிய லோங்காங், அத ஒட்டி நம்ம ஜனம். ஒரு வளைவுக்கு டெவில்ஸ் பெண்ட்னு (பிசாசு வளைவு) பேரு வச்சிருந்தும் அங்க போய்த்தான் நின்னோம். 1961ல மொத ரேஸ்ல ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ் ஜெயிச்சத அப்பா கடைசி வரைக்கும் சொல்லுவாரு, ஏன்னா அது அலுமினியம். ஆல்பர்ட் பூன் 1963லயும் 1965லயும் லோட்டஸ் 23ல ஜெயிச்சாரே அதப் பத்திப் பேசவே மாட்டாரு, அது ஃபைபர்கிளாஸ், அப்பா கணக்குல வாளி.

ஆனா 1968! அடிலெய்டுலேருந்து காரி கூப்பர்னு ஒருத்தரு, எல்ஃபின்னு சொந்தமா கார் கட்டறவரு, தான் கட்டின எல்ஃபின் 600அ தானே ஓட்டி நம்ம தாம்சன் ரோடு கிராண்ட் ப்ரீய ஜெயிச்சுட்டாரு. அதுக்கப்பறம் கிரேம் லாரன்ஸ் மூணு வருஷம் வரிசையா ஜெயிச்சாரு, அதுல 1970ல ஃபெராரி வேற, ஊரே அவரு பின்னாடி, அப்பா அசையல. "ஓட்டறவன் ஆயிரம் பேரு இருப்பான், கட்டி ஓட்டறவன் எத்தன பேரு"ம்பாரு. அவரு எந்த ரேசும் ஓட்டினதில்ல, லைசன்ஸே எடுக்கல, சைக்கிள்தான். இது எனக்கு இன்னிக்கும் வயித்தெரிச்சல், ஒரு தடவயாவது அந்த தவ்கேங்க பக்கத்துல உக்கார வச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிருக்கலாம், சீட்டு ஒண்ணுதான்னு சொல்லித் தப்பிச்சுட்டாங்க.

1973க்கு அப்பறம் ரேசே நின்னுபோச்சு. 1972லயும் 1973லயும் சாவு விழுந்துருந்துச்சு, அந்த ரோட்டுல அது நடக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். 2008ல மரினா பேல ராத்திரி ஃபார்முலா ஒன் வந்தப்போ அப்பாவுக்கு எம்பது வயசு, டிவி முன்னாடி உக்கார வச்சு இதெல்லாம் கார்பன் ஃபைபர்ப்பா, துணியா நெய்து அச்சுல போட்டு இறுக்கறாங்கன்னேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு "அப்ப இது தறிக்காரன் வேலை, நமக்கெதுக்கு"ன்னு சேனல மாத்தச் சொல்லிட்டாரு.

எழுத உக்காந்ததே இதுக்குத்தான்: நாமெல்லாம் தடவின அந்தச் சின்ன கூப்பர் 500 ரேஸ் கார் (மேல சொன்ன காரி கூப்பர் வேற, இது வேற). இங்கிலாந்துல அப்பனும் மகனுமா 1946ல ஃபியாட் டொப்பொலினோ வண்டியோட முன்பாகம் ரெண்ட ஒட்டி ஆரம்பிச்ச வரிசை, மோட்டார்சைக்கிள் எஞ்சின் முதுகுக்குப் பின்னாடி, பின் சக்கரத்துக்குச் செயின். எங்ககிட்ட வந்ததுக்கு பாடியே இல்ல, அப்பா 18 கேஜ் தகட்டுல முழுசா அடிச்சாரு. எண்பதுகள்ல அத தவ்கே பெர்த்துல ஒருத்தருக்கு வித்துட்டாரு. பெர்த்துல இருக்கிறவங்க பழைய கார் கண்காட்சிக்குப் போனா பாருங்க, பின்மூடியில காத்துப் போக வெட்டின கீத்து எடது பக்கம் 12, வலது பக்கம் 11 இருக்கும், தகடு பத்தல. கலர் மாத்தியிருப்பாங்க, அத நம்பாதீங்க, கீத்த எண்ணுங்க. எண்ணிட்டு எனக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்க, நேரம் காலம் பாக்க வேணாம்.