வாட் எண்ணை விட்டுத் தட்டைப் பார்த்தேன்: குறைந்த விலைப் பொலிஷ் மெஷின் தேடிய அனுபவம்

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை ஒட்டி கார் நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்று மட்டும் தொல்லை அல்ல. ரயில் சக்கரமும் பிரேக்கும் உதிர்க்கும் இரும்புத் தூள் பெயின்டின் மேல் படிந்து, ஈரத்தில் துருவேறி, விரலால் தடவினால் மணல்தாள் போலச் சொரசொரக்கும். எங்கள் வீட்டு அடர்நீல டொயோட்டா அக்சியோவுக்கு அதோடு சேர்விஸ் நிலையத் துணிகள் போட்ட வட்ட வட்டக் கீறல்களும் சேர்ந்துகொண்டன. நிழலில் கார் நன்றாகத்தான் தெரியும். வெயிலுக்கு வந்தவுடன் நீலம் சாம்பல் பூத்துவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் நம்மில் பலர் இருக்கிற காரைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகிவிட்டோம். புதுக் கார்களின் விலையைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பழக்கத்தை விட மனம் வரவில்லை.

ஆண்டுதோறும் கராஜில் விட்டு 'கட் அன்ட் பொலிஷ்' செய்விக்கலாம். ஆனால் அந்த வேலை எதைத் தின்கிறது என்று படித்தபோது பயம் வந்தது. பெயின்டின் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோன் தடிப்புத்தான். ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். கீறலை நீக்குவதென்றால் அந்தக் கீறலின் அடிவரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைப்பது. வேறு மந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் சில மைக்ரோன் போகும், போனது திரும்பாது. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதே படலம்தான். அவ்வளவு மெல்லிய ஒன்றை அவசரக் கையில் கொடுப்பதைவிட, மெதுவாக நானே செய்வது நல்லது என்று தோன்றியது.

மெஷினில் இரண்டு வகை உண்டு. ரோட்டரி ஒரே அச்சில், மோட்டாரின் பலம் முழுவதோடும் சுற்றும். வேகமாக வெட்டும், ஓரிடத்தில் சற்று நின்றால் சூடேற்றிப் பெயின்டை எரித்துவிடும். பழகாத கையில் கார் முழுவதும் அலை அலையான சுழல் தடங்களை விட்டுச்செல்லும். மற்றது டூவல் அக்‌ஷன். இதில் தட்டு மையத்திலிருந்து விலகி ஊசலாடும், அதோடு தானும் சுற்றும். பெரும்பாலான மெஷின்களில் அந்தச் சுற்று பல்சக்கரத்தோடு பிணைக்கப்படாதது, அழுத்தினால் நின்றுவிடும். பாதுகாப்பும் அதுவே, பலவீனமும் அதுவே. சுற்று நின்று வெறும் ஊசலாட்டம் மட்டும் மிஞ்சினால் கீறல் ஏறக்குறைய அப்படியே இருக்கும், நம் தோள்தான் வலிக்கும்.

புறக்கோட்டைக்கு அப்பால், பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான் கடைகளில் குறைந்த விலையில் அதிகம் தொங்குவது ரோட்டரிதான். 180 மில்லிமீட்டர் தட்டு, 1200, 1400 வாட் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். ஒரு கடைக்காரர் மலிவு வழி ஒன்றும் சொன்னார்: "தம்பி, வீட்டில் கிரைண்டர் இருந்தால் அதற்கே பஞ்சு மாட்டலாமே." "நானா, அது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று. பொலிஷ் மெஷின் அறுநூறில் தொடங்க வேண்டும், மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது" என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளேயிருந்து டூவல் அக்‌ஷன் ஒன்றை எடுத்துவந்தார். நல்ல மனிதர், மின்செருகியில் மாட்டிப் பார்க்கவும் விட்டார்.

கடையில் நான் செய்த ஒரே சோதனை இதுதான். பேட் எனப்படும் தேய்க்கும் பஞ்சு ஒட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பேட்டை மாட்டி, ஒரு தகரத் துண்டின் மேல் வைத்து, நான்காம் வேகத்தில் ஓடவிட்டு, மெல்ல அழுத்தினேன். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது. கோடு ஓரிடத்தில் நின்று துடித்தால் அதை வாங்கிப் பயனில்லை. 1000 வாட் என்று எழுதியிருந்த ஒன்று கையின் பாரத்துக்கே நின்றது. அதைவிடக் குறைவான எண் போட்ட மற்றொன்று சளைக்காமல் சுற்றியது. வாட் என்பது மெஷின் உறிஞ்சும் மின்சாரத்தின் அளவு; அதில் எவ்வளவு தட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் பெட்டி சொல்லாது. பெரிய ஊசல் மெஷின்களுக்குப் பெயர்போன இத்தாலிய ரூபேஸ் நிறுவனத்தின் 15 மில்லிமீட்டர் ஊசல் மெஷினே 500 வாட்டில் வேலை செய்தது.

ஊசலின் அகலத்தைப் பற்றியும் நிறைய யோசித்தேன். 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வரும். அகலம் கூடினால் ஒரே நேரத்தில் அதிக இடத்தைத் தேய்க்கலாம், ஆனால் வளைவில் சுற்று நின்றுவிடும். அக்சியோ போன்ற சிறிய கார்களில் தட்டையான இடம் பொனட்டிலும் கூரையிலும்தான். மற்ற எல்லாம் மடிப்பும் வளைவும். மலிவான 15 மில்லிமீட்டர் மெஷின்களில் உள்ளே எதிர்ப்பாரம் சரியாகச் சமன் செய்யப்படாததால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும். நான் 8 மில்லிமீட்டரும் 125 மில்லிமீட்டர் தட்டும் உள்ளதை எடுத்தேன். குறைந்த விலையில் தொடங்குகிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

கனடாவிலிருக்கும் அண்ணா அங்கிருந்தே வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. இடையில் வைக்கும் மின்மாற்றியைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றி நடக்க முடியாது. லண்டனில் உறவு இருந்தால் அது வேறு கதை: அதே 230 வோல்ட், அதே சதுர முனைச் செருகி.

மெஷினில் மிச்சம் பிடித்த பணத்தை பேட்களுக்குப் போட்டேன். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் எல்லோரும் மெஷினைப் பற்றியே கேட்கிறார்கள். ஒரு பேட் சூடாகி, கொம்பவுண்ட் எனப்படும் தேய்க்கும் பசையும் தேய்ந்த பெயின்ட் தூளும் ஊறிப்போனால் வெட்டுவதை நிறுத்திவிடும்; மீறி ஓட்டினால் கீறும். கொழும்பு வெக்கையில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஒரு காருக்கு ஒரே வகையில் நான்கைந்து பேட்டாவது வேண்டும், மாற்றி மாற்றிப் போட. பேட் ஒட்டும் தட்டைத் தனியாக வாங்குவதானால் மெஷினின் திருகாணி அளவையும் பாருங்கள். ரோட்டரித் தட்டுகள் பெரும்பாலும் எம்14 மரை, டூவல் அக்‌ஷனில் அதிகம் காண்பது 5/16 அங்குலம். இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறாது.

காரில் தொடுமுன், பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய பொனட் ஒன்று வாங்கினேன். பள்ளம் விழுந்தது, பெயின்ட் மட்டும் ஓரளவு நன்றாக இருந்தது. அதில்தான் கை படிந்தது. அரை மீட்டர் சதுரத்தை டேப்பால் பிரித்து, பட்டாணி அளவில் நான்கு சொட்டு கொம்பவுண்ட், முதலில் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு நான்கு அல்லது ஐந்தாம் வேகம். கை நகர்வது நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு வரியின் பாதி மேல் அடுத்த வரி; நெடுக்காக இரண்டு முறை, குறுக்காக இரண்டு முறை. இந்த மெதுவைக் கைக்குப் பழக்குவதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. மெஷின் ஓடும்போது உடம்பு தானாக விரைகிறது.

காரில் வேலை கழுவுவதில் தொடங்கியது. இரும்புத் தூளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் அது இரும்பைத் தொட்ட இடமெல்லாம் ஊதாவாக வழியும். ரயில் பாதைப் பக்கமாக நின்ற இடது கதவுகளில் வழிந்தது வலப்பக்கத்தைவிட மிக அதிகம். பிறகு, ஒட்டியிருக்கும் மிச்ச அழுக்கைப் பிடுங்கியெடுக்கும் களிமண் கட்டியால் தடவினேன். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெலிந்திருக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டினேன். தடிப்பு அளக்கும் கருவியை நண்பர் ஒருவர் இரவல் தந்தார். அது கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது, மொத்தத் தடிப்பைத்தான் காட்டும். பெரும்பாலான இடங்களில் நூறு மைக்ரோனுக்கு மேலே சற்று, பின் வலது கதவில் மட்டும் இருநூறைத் தாண்டியது. ஜப்பானிலேயோ இங்கேயோ யாரோ மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்தக் கதவைக் கடைசிக்கு ஒதுக்கினேன்.

முதலில் மென்மையான பேட், மென்மையான பொலிஷ். போதாவிட்டால் மட்டும் ஒரு படி கூட்டுவது. பொனட்டில் அந்த மென்மையான சேர்க்கையே முக்கால்வாசிக் கீறலை எடுத்துவிட்டது. ஜப்பானியக் கார்களின் கிளியர் கோட் பொதுவாக மென்மையானது என்று சொல்வார்கள். இந்தக் காரில் அதைக் கையிலேயே உணர்ந்தேன். ஒவ்வொரு சதுரத்தையும் முடித்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்து, எல்.இ.டி. டார்ச் அடித்துப் பார்த்தேன். பொலிஷிலுள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மை. கராஜிலிருந்து பளபளவென்று வந்த கார் சில கழுவலிலேயே பழைய நிலைக்குப் போவதற்கு இதுவே பெரிய காரணம்.

வேலை நேரம் விடியற்காலை மட்டும், வாகனத் தரிப்பிடத்து நிழலில். எட்டரைக்கு மேல் தகரம் சூடேறிப் பொலிஷ் பரவுமுன்னரே காய்ந்துவிடுகிறது. புறங்கையை வைத்துப் பொறுக்க முடியாத தகரத்தில் மெஷினை வைப்பதில்லை.

இப்போது பொனட், கூரை, இடது கதவுகள் முடிந்து, மெழுகுப் பூச்சும் போட்டாகிவிட்டது. முன் பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு பரவாமல் அதே இடத்தில் தங்கும். அதைக் குறைந்த வேகத்தில், இடைவெளி விட்டுச் செய்யப் போகிறேன். மாடியிலிருக்கும் அக்கா தன் வெள்ளைக் காரையும் கேட்டிருக்கிறார். டொயோட்டாவின் 040 என்ற நிற எண் கொண்டது போன்ற வெறும் வெள்ளையில் கிளியர் கோட்டே இல்லாமல் வருவதுண்டு, பேட்டிலும் வெள்ளை ஒட்டும். ஆகவே கதவின் அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சிறு சதுரம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்வேன்.