ரன்னரை மறித்தால்: அம்பயர் பக்கத்திலிருந்து

பேஸ்பாலில், கையில் பந்து இல்லாத, பந்தைப் பிடிக்கும் முயற்சியிலும் இல்லாத ஃபீல்டர், பேஸ்களை வரிசையாகத் தொட்டு ஓடும் ரன்னரை மறித்தால் அது ஆப்ஸ்ட்ரக்ஷன். வேண்டுமென்றே மறித்தாரா என்ற கேள்வியே கிடையாது. கோச் ஓடிவந்து “பையன் தெரியாமல்தானே விழுந்தான்” என்று வாதாடுவார், வாதாடட்டும்.

மறிப்பதைப் பார்த்ததும் நாங்கள் முதலில் தேடுவது பந்தை. அந்த ரன்னரை அவுட்டாக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தால் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ‘டைம்’. ஆட்டம் அங்கேயே நிற்கும். கடைசியாகத் தொட்ட பேஸுக்கு அடுத்த பேஸாவது அவருக்கு உறுதி. ஃபர்ஸ்ட் பேஸைத் தொடும் முன்பே பேட்டரை மறித்தாலும் இதே முறைதான்.

பந்து வேறெங்கோ இருந்தால் அந்த இடத்தைக் கைகாட்டி, “தட்ஸ் ஆப்ஸ்ட்ரக்ஷன்” என்று உரக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தை ஓடவிடுகிறோம். புதிய அம்பயர்கள் சறுக்குவது இங்கேதான். பதற்றத்தில் ‘டைம்’ கேட்டுவிட்டால் மற்ற ரன்னர்களின் ஓட்டமும் அடிபடும். மறிக்காவிட்டால் அவர் எந்த பேஸ் வரை போயிருப்பார் என்பதை அப்போதே மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவரைதான் பாதுகாப்பு. அதைத் தாண்டி ஓடினால் அவர் பாடு, பந்தால் தொட்டு டேக் செய்தால் அவுட்.

அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸில், 2013இன் மூன்றாவது ஆட்டம் இதற்குப் பாடப்புத்தகம். கேட்சர் எறிந்த பந்து தேர்ட் பேஸைத் தாண்டி லெஃப்ட் ஃபீல்டுக்குப் போனது. தாவி விழுந்த பாஸ்டன் வீரர் மிடில்ப்ரூக்ஸ் குப்புறக் கிடந்தார். அவர்மேல் இடறினார் செயின்ட் லூயிஸின் ஆலன் கிரெய்க். தேர்ட் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் உடனே கைகாட்டினார். ரன் எடுக்கத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டில் கிரெய்க்கை டேக் செய்தும், அங்கிருந்த அம்பயர் டானா டிமூத் ‘சேஃப்’ கொடுக்க, 5-4 என ஆட்டம் முடிந்தது. எழ நேரமில்லை என்பது நியாயமான புகார்தான், விதியில் அதற்கு இடமில்லை.

கண்ணை மறைப்பது வேறு வகை; அங்கே நோக்கம் முக்கியம். 2004இல் சியாட்டிலின் ஷார்ட்ஸ்டாப் (செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) ஹோஸே லோபஸ், தேர்ட் பேஸில் டேக்-அப்புக்கு, அதாவது உயரப் பந்து கேட்சானதும் ஓடக் காத்திருந்த டாம்பா பேயின் கார்ல் கிராஃபோர்டுடைய பார்வையை மறைத்ததாக அம்பயர் தீர்ப்பளிக்க, அந்த ரன்னிலேயே ஆட்டம் முடிந்தது. உயரப் பந்து போகும்போது ரன்னரின் காலும் கேட்சும் ஒருசேரத் தெரியும் இடத்தில் நிற்கிறோம். ஃபீல்டரின் கண் பந்தில் இல்லாமல் ரன்னரிடம் இருந்து, ரன்னர் நகரும் பக்கமெல்லாம் அவரும் நகர்ந்தால் ஆப்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிடலாம். தன் இடத்தில் சும்மா நிற்பவரால் பந்து தெரியவில்லை என்றால் ரன்னர்தான் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.