சாண்டி ஹூக்: 36 முறை ஒரே கட்சி, 37-வது முறை தலைகீழ்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்குக் குன்றுகளுக்குள் ஒளிந்திருக்கிறது எலியட் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). ஐ-64 நெடுஞ்சாலையில் 137-வது எக்ஸிட்டில் இறங்கி, மோர்ஹெட் வழியாக 32-ம் எண் சாலையைப் பிடித்தால் தலைநகர் சாண்டி ஹூக் வந்துவிடும். பாதை முழுக்க வளைவுதான். மோர்ஹெட்டிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். கன்ட்ரி பாடகர் கீத் விட்லி வளர்ந்த ஊர் இது. தேர்தல் கணக்குப் பைத்தியங்கள் வருவது வேறு காரணத்துக்கு.

1869-ல் உருவான கவுண்டி. 1872 முதல் 2012 வரை 36 அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சிதான். எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியின் நிக்ஸன் 1972-லும் ரேகன் 1984-லும் ஆளுக்கு 49 மாநிலங்களை அள்ளியபோதுகூட இங்கே பருப்பு வேகவில்லை. 2016-ல் அதே குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு 70 சதவீதம். எல்லாரும் இதை ஒரே ராத்திரியில் நடந்த அதிசயமாகச் சொல்கிறார்கள். வரிசையாகப் பாருங்கள்: ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களில் 2004-ல் கெர்ரிக்குச் சுமார் 70 சதவீதம், 2008-ல் ஒபாமாவுக்கு 61, 2012-ல் அவருக்கே 50-க்குச் சற்றுக் கீழே. சுவர் முன்னமே விரிசல் விட்டாயிற்று.

சாலையோரம் சாயம்போன மரக்கொட்டகைகள் தென்பட்டால் வண்டியை நிறுத்துங்கள். பர்லி புகையிலை உலர்த்தியவை. நாலரை அடிக் குச்சியில் ஐந்தாறு செடிகளைக் குத்தி, அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, ஆறு முதல் எட்டு வாரம் காற்றில் விடுவார்கள். ஈரம் மிஞ்சினால் இலை அழுகும். காற்று வறண்டுபோனால் நிறம் பிடிக்காது. உலர்ந்த இலையைச் செடியிலிருந்து உருவுவதும் ஈரப்பதமான நாளில்தான், இல்லாவிட்டால் கையிலேயே நொறுங்கிவிடும். இந்தச் சிறு பண்ணைகளைக் காப்பாற்றியது, ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த கோட்டாவும் (யார் எவ்வளவு புகையிலை விற்கலாம் என்ற வரம்பு) விலை ஆதரவும். கட்சி விசுவாசத்தின் ஆணிவேர்களில் அதுவும் ஒன்று. 2004-ல் சட்டம் போட்டுக் கோட்டாவை எடுத்தார்கள், இழப்பீட்டுத் தவணைகளும் 2014-ல் முடிந்தன. அது மட்டுமே காரணம் என்பது அவசரப் பேச்சு. நிலக்கரித் தொழில் நலிந்த கோபமும் மலைப்பகுதி முழுக்க இருந்தது.

வாக்காளர்கள் தங்கள் கட்சியைச் சொல்லிப் பதியும் பட்டியலை வைத்து இந்த ஊரை எடைபோடாதீர்கள். கென்டக்கியில் ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அந்தக் கட்சியில் பதிந்தவர்தான் வாக்களிக்கலாம். கட்சி மாற முந்தைய டிசம்பர் 31 கெடு. ஷெரீப் பதவி முதல் எல்லாம் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே தீர்மானமாகிவந்த ஊரில், அதிபருக்கு யாரைக் குத்தினாலும் பதிவை மாற்றாமல் இருப்பதுதான் லாபமாக இருந்தது. சாண்டி ஹூக்காரரான ஜனநாயகக் கட்சியின் ராக்கி ஆட்கின்ஸ் 2016-க்குப் பிறகும், 2019 வரை, மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார்.

நவம்பரில் வாக்குப்பதிவு பார்க்கப் போனால் சீக்கிரம் கிளம்புங்கள்: காலை 6-க்குத் திறந்து, மாலை 6-க்கே மூடிவிடுவார்கள்.